குப்பைக்கு வார்த்த நல்ல தண்ணீர்

நெருப்பில்லாமல் புகையாது என்ற பழமொழியை நம்பிக் கெட்டவன் நான்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. மன்னார்ப் பட்டினத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முற்றம், இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும். அந்த மணலில் கத்தரி வளர்க்கவென்று என் மனைவி தெரேசா மீன்செதிலும் கழுதை விட்டையும் சருகும் சேர்த்து வேலியோரம் குவித்திருந்தாள்.

ஒரு மார்கழிக் காலை. என் தங்கையைப் பெண் பார்க்க நறுவிலிக்குளத்தார் வரும் நாள். முற்றத்துக்கு வந்தால் குவியலிலிருந்து புகை! பக்கத்திலேயே ஓலைவேலி. "ஐயோ, நெருப்பு!" என்று ஊரைக் கூட்டியபடி, கைக்கு எட்டிய இரண்டு குடங்களையும் கவிழ்த்தேன்.

தெரேசா ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, அது குப்பை உக்கிற சூட்டிலை வாற ஆவி! வாறவைக்குத் தேத்தண்ணி போட வைச்ச நல்ல தண்ணியையோ ஊத்தினனீங்கள்?"

எங்கள் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் தொலைவிலிருந்து வரவேண்டும். உப்புத் தண்ணீருக்கும் நெருப்பு அணையும் என்ற ஞானம் எனக்கு அப்போதுதான் பிறந்தது.

வேலிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக் காசிம் காக்கா ஓலையைப் பிரித்துத் தம் வீட்டுக் குடத்தை நீட்டினார். "இந்தாங்கோ தம்பி, இதையாவது மனிசருக்குக் குடுங்கோ."

தங்கையின் கல்யாணம் நிச்சயமானது. வேலியில் விழுந்த அந்த ஓட்டையை நாங்களும் அடைக்கவில்லை, காசிம் காக்காவும் அடைக்கவில்லை. தெரேசாவின் கத்தரி அதனூடே அவர் முற்றத்துக்குச் சாய்ந்து காய்த்தது. அந்தப் பக்கத்துக் காய்களை நாங்கள் ஒருநாளும் பறித்ததில்லை.