ரொட்டிக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம்

எங்கள் நர்ஸ் புருல் நாற்பத்து மூன்று வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த வயதில் மற்ற பெண்கள் மூட்டு வலிக்குத் தைலம் தேடுவார்கள். இவள் முழங்காலில் சிராய்ப்போடு நொண்டிக்கொண்டு, சிரித்தபடி வருவாள். "விழுந்தியா?" என்று கேட்டால், "இறங்கினேன்" என்பாள். தோற்றுவிட்டேன் என்று அவள் வாயால் சொல்லக் கேட்டவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆசைக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. கீழே கோக்-தாமில் அவளுடைய மருத்துவ நிலையம் இருக்கிறது. மேலே சாரி-பெல்லில் ஓர் அறைதான் உண்டு. மாதம் ஒரு நாள் அதைத் திறந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவாள். மருந்தையும் அவளையும் மாவட்டத்து ஜீப் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வசந்தத்தில் ஜீப்பை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரைகளோ மந்தையோடு கோடை மேய்ச்சலுக்கு மலை ஏறிவிட்டன. வீட்டில் மிச்சமிருந்தது, அவள் தம்பி தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வாங்கி வந்து மறந்துவிட்டுப் போன சைக்கிள் மட்டும்தான்.

ஓட்டுவதற்குப் பத்து நாளில் பழகிவிட்டாள். இறங்கவும் எங்கே வேண்டுமானாலும் இறங்குவாள். ஏறுவதுதான் தகராறு. பக்கத்தில் ஒரு கல்லோ திட்டோ வேண்டும். அதன்மேல் ஏறி நின்று, காலைப் போட்டு, "போ!" என்று சைக்கிளுக்கே கட்டளை கொடுத்துத்தான் கிளம்புவாள்.

முதல் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று புருஷன் மாமித்திடம் கேட்டிருக்கிறாள். மாமித் மந்தைக்காரன். பிறந்ததிலிருந்து தூரத்தையெல்லாம் குதிரையால் அளப்பவன்.

"குதிரையில ஒரு மணி நேரம். குதிரை நடுவுல தண்ணி குடிக்கும், புல்லக் கண்டா தலையக் குனியும். சைக்கிளுக்கு வாயும் இல்ல வயிறும் இல்ல. முக்கா மணியில போயிடுவே" என்றான்.

இவளும் தலையாட்டினாள். சாரி-பெல்லுக்குப் போன் போட்டு, பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்பதுக்குக் கிளம்பினாள். கால் மணி நேரம் கையிருப்பு வேறு வைத்திருக்கிறாளாம். மகராசி.

அந்தப் பாதையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டு வீடுகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது என் வீடு. வாசல் வழியாகப் போகிறவரை ஒரு வாய் ரொட்டி பிய்த்துப் போடாமல் அனுப்புவது எங்களிடம் கிடையாது. கொடுத்தால் மறுத்துவிட்டுப் போவதும் கிடையாது. கார்க்காரன் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடுவான், அவனை யார் பிடிப்பது? குதிரைக்காரன் சேணத்தில் உட்கார்ந்தபடியே குனிந்து, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருங்க" என்று போய்விடுவான். சைக்கிள்காரி என்ன செய்வாள்? ஒரு கையை விட்டால் விழுவாள். அதனால் இறங்கினாள். இறங்கிய பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு டீ ஊற்றாமல் விட நாங்கள் என்ன கல்நெஞ்சக்காரிகளா? நானே ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கைமாக் பாலேட்டை எடுத்து வைத்தேன். குடித்து முடித்ததும் ஏறுவதற்குக் கல் தேடி இன்னொரு கூத்து. இப்படியே எட்டு வீடு.

அவள் சாரி-பெல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. அங்கே நடந்ததுதான் கொடுமை. தாய்மார்கள் மேய்ச்சல் மேட்டிலிருந்து குதிரையில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தார்கள். கோடையில் பெண் குதிரைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கறந்தாக வேண்டும். இரண்டு கறவைக்கு நடுவில்தான் அவர்களால் வர முடியும். ஒரு கறவையைக் கோட்டை விட்டும் பார்த்துவிட்டு, "நர்ஸ் வரமாட்டா" என்று முக்கால்வாசிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். மூன்றே மூன்று குழந்தைகளுக்கு ஊசி போட்டாள். திறந்த மருந்தில் மிச்சமானதைக் கொட்ட வேண்டியதாயிற்று.

விஷயம் மாவட்டத்து டாக்டர் ஜிபாருக்குப் போனது. நல்ல மனுஷிதான், ஆனால் கத்தரிக்கோல் மாதிரி பேசுவாள். புருலை வரச்சொல்லி நேராகவே கேட்டாள்.

"சாரி-பெல் அறைய மூடிடறேன். இனிமே அம்மாமாருங்க பிள்ளைங்களத் தூக்கிட்டு மாவட்டத்துக்கு வரட்டும். என்ன சொல்றே?"

"மூடினா யாரும் வரமாட்டாங்க டாக்டர். குதிரைய எப்பக் கறக்கறது, அவ்வளவு தூரம் எப்ப வர்றது? பிள்ளைங்க ஊசி இல்லாமலே வளரும். போன தடவை தட்டம்மை வந்தப்ப நீங்கதானே மூணு ராத்திரி அங்க தங்குனீங்க?"

டாக்டர் மேஜைமேல் இருந்த தாள்களை ஒதுக்கி வைத்தாளாம். பிறகு, "நீ வேகமாப் போகணும்னு நான் கேக்கல. எப்ப வருவேன்னு சொல்றியோ அப்ப வா. அது முடியுமா? அடுத்த மாசம் நானே வந்து பாக்கறேன். அதுக்கப்புறம்தான் முடிவு" என்றாள்.

அந்த மாதம் முழுவதும் புருல் அந்தப் பாதையை உழுதாள். எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த வளைவில் இறங்கித் தள்ள வேண்டும், பக்கத்து ஏரியிலிருந்து வரும் காற்று எப்போது முகத்தில் அறைகிறது என்று எல்லாம் தெரிந்துகொண்டாள். ஏறுவதற்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு கல்லை அவளே உருட்டி வைத்தாள். கடைசியில் ஒரு நாள் என் வீட்டில் உட்கார்ந்து கணக்கை அறிவித்தாள்.

"இரண்டரை மணி நேரம்."

மாமித்தும் அங்கேதான் இருந்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "அடியே, நடந்தே போயிடலாமே! சைக்கிள் எதுக்கு?"

"நடந்து போனா ரொட்டி தரமாட்டாங்களா? அஞ்சு மணி நேரம் ஆகும்" என்றாள் புருல். "ரோட்டுக்கு ஒன்றரை, ரொட்டிக்கு ஒண்ணு. உன் குதிரைக் கணக்கக் கேட்டுத்தான் நான் நாசமாப் போனேன். வாய மூடு."

எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய டாக்டரிடம் போய் ரொட்டிக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னால் மானம் போகாதா? அவள் போன பிறகு மற்ற ஏழு வீட்டுப் பெண்களையும் பார்த்து, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். அவள் சிட்டாகப் பறந்து போய் எல்லோர் வாயையும் அடைக்கட்டும் என்றுதான்.

அந்த நாள் வந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். முகம் அடுப்பில் வைத்த மாதிரி சிவந்திருந்தது. நேராகப் போவாள் என்று பார்த்தால், இறங்கி என் கதவைத் தட்டுகிறாள். தட்டினாளா, இடித்தாளா?

"அசில் அக்கா! என்ன, நான் செத்தா போயிட்டேன்? மூணு வீடு தாண்டிட்டேன், ஒரு நாய் கூடக் குரைக்கல. நான் யாருக்கு என்ன பண்ணினேன்?"

"உனக்காகத்தாண்டி! சீக்கிரம் போ. டாக்டர் வாயப் பொளக்கட்டும்" என்று அவளைத் தள்ளாத குறையாகச் சொன்னேன்.

அவள் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பத்து மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். இப்பப் போனா அங்க யாரும் இருக்கமாட்டாங்க, குதிரை கறந்துக்கிட்டிருப்பாங்க. அறைச் சாவியும் பத்து மணிக்குத்தான் வரும். சொன்ன நேரத்துக்குத்தான் போவேன். ரொட்டிய எடு."

எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். எடுத்தேன். எட்டு வீட்டு டீயையும் என் வீட்டிலேயே குடித்துவிடுவது என்று முடிவு செய்தவள் போல் சாவகாசமாக உட்கார்ந்து குடித்தாள். மருந்துப் பை ஐஸ் கட்டியோடு நிழலில் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் டாக்டரின் கார் வந்து நின்றது. சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்திருக்கிறாள்.

"பாதி வழியில விருந்தா?" என்றாள் டாக்டர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"நேரம் இருக்கு டாக்டர்" என்றாள் புருல், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு. கல்மேல் ஏறினாள், "போ!" என்றாள், போய்விட்டாள்.

டாக்டர் காருக்குத் திரும்பினாள். நான் விடுவேனா? ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை மறித்து நின்றேன். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, மறுக்க முடியவில்லை. உள்ளே வந்தாள். உட்கார்ந்தாள். கைமாக் நன்றாக இருக்கிறது என்றாள். கிளம்பும்போது நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். அடுத்த வீட்டுக்காரி நடுரோட்டில் நிற்கிறாள், கையில் ரொட்டி. "அசில் வீட்டுல மட்டும்தான் சாப்பிடுவீங்களா டாக்டர்? எங்க ரொட்டி என்ன கல்லா?" காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள். புருலைக் கூப்பிடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேனே தவிர, டாக்டரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே! என் வீட்டில் கார் நின்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. அடுத்த வீட்டில் பொரித்த மாவுருண்டை. அதற்கடுத்த வீட்டில் ஓர் ஆட்டையே அறுத்துவிடுவார்கள் போல் இருந்தது. டாக்டர் வாட்சைப் பார்ப்பாள், வாயைத் துடைப்பாள், மறுபடி உட்காருவாள்.

நாங்கள் சாரி-பெல் போய்ச் சேர்ந்தபோது தாய்மார்கள் குதிரைகளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறையில் கடைசியாக ஒருத்தி மட்டும் அழுகிற குழந்தைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"புருல் எத்தனை மணிக்கு வந்தா?" என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"நாங்க வந்தோம், கூடவே நர்ஸும் வந்தாங்க. காத்து நிக்கவே இல்ல டாக்டர். அடுத்த கறவைக்குப் போயிடுவேன்."

"யாராவது பாக்கி இருக்காங்களா?" இது புருலிடம்.

"யாரும் இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் போட்டாச்சு."

டாக்டர் அறையைச் சுற்றி வந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள். புருல் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவி முடித்த கையையே மறுபடி கழுவினாள்.

"இந்த ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சிருக்கு. குளிர் வர்றதுக்குள்ள மாத்திடணும். அடுப்புக் குழாயும் ஓட்டை" என்றாள் டாக்டர்.

"அப்போ குளிர்காலத்துலயும்..." என்று ஆரம்பித்தாள் புருல்.

"குளிர்காலத்துல இங்க பிள்ளை பொறக்காதா?"

புருல் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. விழுந்தபோதெல்லாம் சிரித்தவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சரி, பனியில எவ்வளவு நேரம் ஆகும்?"

புருல் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தெரியாது டாக்டர். பனி விழட்டும், ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."