பிரிக்காத சாமான்

பீரோ என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். இளவட்டமாக இருந்தபோது ஓர் இரும்பு பீரோவைத் தனியாளாக மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய் வைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் மருத்துவமனைச் சீட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் நாற்காலியில் உட்காரவைத்துக் கூட்டாளிகள் மாடி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் நிஜ பீரோவைத் தூக்குறோம்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொந்த இதயம் நைந்துபோய், மருத்துவமனையில் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய இதயத்தை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

பிழைத்து வந்தவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நெஞ்சுத் தழும்பு ஆறிய பிறகும் எழவில்லை. வீட்டிலேயே தையல் போடும் மனைவி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து சீப்பு வரைக்கும் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். பாசம்தான், வேறென்ன. ஆனால் நோயில் பாதி கரைந்த தொடை, மாத்திரையில் இன்னும் கொஞ்சம் கரைந்தது. உடம்பு புது இதயத்தை விரட்டிவிடாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. இதயத்தைக் காப்பாற்றிவிட்டுக் காலில் கை வைத்தது.

"நடந்தாத்தான் சதை திரும்பும் ஐயா" என்றாள் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண். "இல்லேன்னா நல்ல இதயத்தை வெச்சுக்கிட்டுப் படுத்தே கிடப்பீங்க. மெதுவா ஆரம்பிங்க. இதயத்துக்கு வர்ற நரம்பை அறுத்துத்தானே வெச்சிருக்கு, கால் நடக்குற சேதி அதுக்கு லேட்டாத்தான் போகும். நடுவுல கொஞ்சம் நின்னு குடுத்தீங்கன்னா, துடிப்பும் வந்து சேர்ந்துக்கும்."

பீரோ தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்க, நடக்கச் சொன்னாங்களே?"

"அவங்களைப் போட்டு அலட்டக் கூடாது."

"எவங்களை?"

அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆணா பெண்ணா தெரியாது, வயது தெரியாது. மரியாதையாக 'அவங்க' என்றே சொல்லி வந்தார். எங்கோ ஒரு வீட்டில் அழுது ஓய்ந்து கொடுத்தது. பிறத்தியார் பொருளில் ஒரு கீறல் விழாமல் கம்பளி சுற்றி இறக்கியே காலம் தள்ளிய மனுஷர். இதை மட்டும் எப்படிக் குலுக்குவார்?

ஒரு சாயங்காலம் மனைவி தைத்த துணியைக் கொடுக்கக் கீழே போனாள். குழாயைச் சரியாக மூடவில்லை. வாளி நிரம்பி, தண்ணீர் தரையில் பரவி, அவர் கண்ணெதிரே துணி மூட்டையை நனைத்தது. அவள் திரும்பி வந்தபோது அவர் பாதம் நனைய உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிச்சு மூடியிருக்கலாமே?"

"எந்திரிச்சேன். காலு நிக்கல."

அவள் தரையைத் துடைத்தாள். துணிகளைப் பிழிந்து போட்டாள். கடைசியாக அவருக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அடுத்தவங்க சாமானைக் கீறாம கொண்டுபோய்ச் சேர்த்துடுவீங்க. சரி. சேர்த்த அப்புறம் என்ன செய்வீங்க?"

"கம்பளியைப் பிரிச்சுக் குடுத்துட்டு வருவேன்."

"எதுக்குப் பிரிக்கணும்?"

"அவங்க புழங்க வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் விடவில்லை. "அந்த வீட்டுக்காரங்க இது கம்பளிக்குள்ளயே கிடக்கட்டும்னா குடுத்தாங்க? இறக்குன சாமானை இன்னும் பிரிக்காமயே வெச்சிருக்கீங்க."

பீரோ அழுதார். அவள் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் நாற்காலியைப் பிடித்து எழுவதில் தொடங்கினார். பிறகு சுவரோரம், பிறகு வாசல். பல நாள் கால் நடுங்கியது, சில நாள் எழவே மனம் வரவில்லை, அப்போதெல்லாம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தட்டை அவரே கழுவினார். அடுத்த பரிசோதனைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். வரும்போதுதான் சோதனை: ஏற வேண்டும். தூக்கிவிடக் கூட்டாளிகள் கீழே காத்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார்.

படி திரும்பும் இடத்தில் நின்றார். "மூச்சு" என்றார். பளு தூக்கும்போது இளைப்பாற ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. சொன்னால் மற்றவனும் நின்றாக வேண்டும்.

பின்னால் வந்த மனைவி பதறிப்போய் முதுகைத் தாங்கினாள். "என்னங்க, மூச்சு வாங்குதா?"

"எனக்கில்ல." நெஞ்சில் கை வைத்து, அங்கே துடிப்பு மெல்ல வேகமெடுப்பதைக் கவனித்தபடி நின்றார். "நம்மாளு பின்னாடி வர்றான். வந்துடட்டும்."