மதாம் கேட்காத கேள்வி

என்னை மொழிபெயர்ப்பாளராக்கியது ஒரு தேநீர்க் கோப்பை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பக்கத்து முதியோர் இல்லமொன்றில் நான் பராமரிப்பு உதவியாளராக இருந்த காலம் அது. அங்கே புதிதாகச் சேர்ந்த மூதாட்டி, நாங்கள் மதாம் என்று கூப்பிட்டவர், கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டுக் கத்தினார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"தேத்தண்ணி சுடுகுதாம்," என்றேன்.

வார்ட் பொறுப்பாளர் வாயைப் பிளந்தார். "ஜெசிந்தா, இது உங்கட பாஷையே?"

இல்லை, லக்சம்பேர்க் மொழி. கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வருமுன் நான் அங்கே அகதியாக இருந்து, ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். பசி, குளிர், நோவு, வா, போ, அவ்வளவுதான் தெரியும். மதாமுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது. மறதி நோய் அவருடைய நோர்வேஜிய மொழியையும் டேனிஷையும் துடைத்துவிட்டு, பிறந்த ஊர்ப் பேச்சை மட்டும் விட்டுவைத்திருந்தது.

மகள் கிர்ஸ்டன் கோப்பன்ஹேகனில் இருந்தார். பெற்றோர் பிரிந்ததும் தகப்பனோடு டென்மார்க்கில் வளர்ந்தவர், தாயின் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. கிழமைக்கொருமுறை தொலைபேசியில் விசாரிப்பார். நான் கொஞ்சம் டேனிஷ் சொற்களைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

ஒருநாள் அவர் விமானமேறி வந்துவிட்டார்.

"என்ர வீட்டுக்குக் கிட்ட ஒரு இல்லத்தில இடம் கிடைச்சிருக்கு. அம்மா வாறன் எண்டு சொன்னால்தான் கூட்டிக்கொண்டு போவன். கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்டேன். மதாம் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"லோஸ் மெஷ் அ ரோ," என்றார். என்னை நிம்மதியாக விடு என்று அர்த்தம். அதோடு நிறுத்தவில்லை. "யார் இவள்? நான் ஒரு இடமும் போகமாட்டேன். இவளை அனுப்பு."

கிர்ஸ்டன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடவுளே, இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் சொல்வார்களா? ஊரிலிருந்து மாமி தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி திட்டினாலும், "மாமி உங்களைச் சுகம் கேட்டவா" என்றுதான் வீட்டிலிருப்பவரிடம் சொல்வோம். அந்தப் பழக்கம் என் நாக்கிலேயே இருந்தது.

"அம்மா வாறாவாம். நீங்கள் சாப்பிட்டனீங்களோ எண்டும் கேக்கிறா."

கிர்ஸ்டனின் முகம் மலர்ந்தது. உடனேயே கறுத்தது.

"சின்னனில லீவுக்கு அம்மாட்ட வந்து நிண்ட நாளிலகூட அம்மா என்னை அப்பிடி ஒருக்காலும் கேட்டதில்லை. உண்மையா என்ன சொன்னவா?"

சொன்னேன். பாடமாக்கிய டேனிஷ் எல்லாம் பறந்துவிட்டது. நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

"அப்ப ஃபோனில சொன்னதெல்லாம்? அம்மா உங்களைத் தேடினவா, உங்கட படத்தைப் பாத்தவா எண்டு? அதை நம்பித்தானே அங்கை இடம் எடுத்தனான்."

பொறுப்பாளரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நல்லதைத்தானே சொன்னேன் என்று வாய்வரை வந்தது. சீ, யாருக்கு நல்லது? பொல்லாத சேதி சொன்னவள் என்ற பெயர் எனக்கு வராமலிருக்கத்தான் அவ்வளவும் புளுகினேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சொன்னதைச் சொல்லுங்கள். கேட்கிறவர் தாங்குவாரா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

மறுநாள் காலை கிர்ஸ்டன் வந்தபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. படுக்கைகளை விரித்துக்கொண்டு நின்றேன்.

"அங்கை இடம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அம்மா இஞ்சையே இருக்கட்டும்," என்றார். பிறகு, "சாப்பிட்டனீங்களோ எண்டு அம்மான்ர பாஷையில எப்பிடிக் கேக்கிறது?"

சொல்லிக்கொடுத்தேன். அவர் இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டைத் தொடாமலிருந்த தாயருகே குனிந்து கேட்டார். மதாம் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரேயொரு சொல் சொன்னார்.

கிர்ஸ்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லையாம்," என்றேன். மேலே ஒன்றும் சேர்க்கவில்லை.

கிர்ஸ்டன் தட்டிலிருந்த கரண்டியை எடுத்தார்.