லூர்து பேசாமல் பள்ளிக்கூடம் போன வருசம்

எங்கள் மகள் லூர்து மேரி கிணற்றில் விழுந்தது, ஈஸ்டர் முடிந்த வாரத்தில். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய பிள்ளை.

நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து கொத்தனார் வேலை செய்தார். என் அக்காவைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவளைப் பார்க்கப் பிள்ளையோடு போயிருந்தேன். தோட்டத்துக் கிணற்றடியில் நானும் அக்காவும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த லூர்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தோட்டத்துக் கவுண்டர், மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் குதித்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்து என் மடியில் கிடத்தினார்.

"உசுரு இருக்குதுங்க. அழுவாதீங்க" என்றார்.

உயிர் இருந்தது. பேச்சுத்தான் போய்விட்டது.

பயம் தெளிந்தால் பேசுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். சேலத்துக்கு வந்தோம். சாப்பிட்டாள், தூங்கினாள், சொன்னதைச் செய்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "கோளாறு ஒன்றும் இல்லை அம்மா. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார். எதற்காகப் பொறுப்பது, எதுவரைக்கும் பொறுப்பது? அதை அவரும் சொல்லவில்லை.

தெருவில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தார்கள். சிலேட்டு வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சோற்றில் கையை வைத்தபடி சொன்னார்: "இந்த வருசம் வேண்டாம் அன்னம்மா. பேரு கேட்டாச் சொல்லத் தெரியாத புள்ளைய யாரு சேத்துக்குவாங்க? மத்த புள்ளைங்க ஊமைன்னு கூப்புடும். அதை நம்மளால கேக்க முடியுமா?"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம் அல்லவா? தினமும் சாயங்காலம் கோவிலில் ஜெபமாலை சொல்லுவார்கள். லூர்துவைக் கூட்டிக்கொண்டு நானும் போவேன். "பேச்சைக் கொடு தாயே" என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாட்கள் போயின. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. எனக்கு உள்ளே வறண்டு போயிற்று. வாய் மந்திரம் சொல்லும், மனசு எங்கேயோ கிடக்கும்.

ஒரு சாயங்காலம் ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அன்று வேறு மாதிரி கேட்டேன். "தாயே, பேச்சு உன் மகன் கொடுக்கும்போது கொடுக்கட்டும். பேசாத இந்தப் பிள்ளையை வா என்று சொல்ல ஓர் இடத்தைக் காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். பாரம் கொஞ்சம் இறங்கினது போல் இருந்தது.

அந்த வாரமே பிலோமினா சிஸ்டர் எங்கள் தெருவுக்கு வந்தார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு நடத்துகிறவர். பெண் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானாக ஆள் அனுப்பவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"காது கேக்குதுங்களா?" என்று கேட்டார்.

"நல்லாக் கேக்குதுங்க சிஸ்டர்."

"அப்புறம் என்னங்க? பேசற புள்ளைங்க எங்கிட்ட நெறையா இருக்குது. பேசாத புள்ள ஒண்ணு இருந்தா வகுப்பு கொஞ்சம் அமைதியா இருக்கும்." சிரித்துவிட்டு லூர்துவின் முன்னால் குனிந்தார். "என்ன சாமி, வாரயா?"

லூர்து அவரையே பார்த்தாள். தலையாட்டவில்லை. என் சேலையையும் பிடிக்கவில்லை.

இன்னொரு கஷ்டம் இருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு கிணறு. அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். சிஸ்டர் ஒரு வழி சொன்னார். "தெறக்கறதுக்கு முந்தியே தெனமும் கூட்டிட்டு வாங்க. ஆளில்லாத பள்ளிக்கூடம் பழகிட்டா, ஆளு இருக்கற பள்ளிக்கூடமும் பழகீரும்."

அப்படியே செய்தேன். முதல் நாள் வெளி வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை, திரும்பி வந்துவிட்டோம். பிறகு முற்றத்து வேப்பமரம் வரைக்கும் வந்தாள். ஒரு நாள் என் வீட்டுக்காரரும் கூட வந்தார். கிணற்றின் கைப்பிடிச் சுவரை நன்றாகத் தட்டிப் பார்த்து, "நல்லாக் கட்டியிருக்கறாங்க சாமி. அப்பன் சொல்றன், இது உன்னைய உள்ள விழ விடாது" என்றார். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கிணற்றைத் தாண்டினாள். வகுப்புக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்தும் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. முற்றம் முழுக்க அழுகைச் சத்தம். லூர்து அழவில்லை. பேசவும் இல்லை. சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மறைவாக நின்றேன்.

அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று. லூர்துவைவிடச் சின்னது. அதன் தாய் விட்டுவிட்டுப் போனதும் தரையில் விழுந்து புரண்டு கத்தியது. சிஸ்டர் தூக்கினார், அடங்கவில்லை. வெல்லம் கொடுத்தார், துப்பியது. லூர்து எழுந்தாள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் சிலேட்டை நீட்டினாள். பிறகு சொன்னாள்:

"அழுவாத. எஞ் சிலேட்டுல நீ எழுதிக்க."

கரகரத்த குரல். துருப்பிடித்த கதவு திறந்தது போல இருந்தது. அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தி, சிலேட்டை வாங்கிக்கொண்டது. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கன்னத்தில் கண்ணீர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே மண்டி போட்டுவிட்டேன். என்ன சொல்லி நன்றி செலுத்தினேனோ, இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று வேறு பேச்சே இல்லை. மறுநாள் ஒன்றிரண்டு வார்த்தை. மழைக்காலம் வருவதற்குள் வீட்டில் அவளை "சும்மா இரு" என்று அதட்டும் அளவுக்கு வந்துவிட்டது. அவள் அப்பா அப்படி அதட்டிவிட்டு, தானே வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். இப்போது லூர்து பெரிய வகுப்பில் படிக்கிறாள். கிணற்றை எட்டிப் பார்ப்பது மட்டும் இன்னும் இல்லை. அதை நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

அந்த வருசம் முதல் ஒவ்வொரு மே மாதமும் நான் சும்மா இருப்பதில்லை. பயந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகிறேன். இந்து வீடா, வேதக்கார வீடா என்று பார்ப்பதில்லை. தாயோடும் பிள்ளையோடும் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்கிறேன். வேண்டிக்கொண்ட எல்லாருக்கும் கேட்டபடியே கிடைத்தது என்று சொன்னால் பொய். கால் விளங்காத ஒரு பிள்ளைக்கு நடை வரவில்லை. அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக அதன் அண்ணன் முன்வந்தான். ஆண்டவர் தம் வழியில் தருகிறார். தராமல் மட்டும் விட்டதில்லை.

இதைக் கேட்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. உங்கள் பிள்ளையை நினைத்துக் கலங்கிப்போய் இருந்தால், அந்தக் கலக்கத்தை அப்படியே ஆண்டவர் பாதத்தில் வையுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சேர்ந்து மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, பிள்ளையை நடுவில் விட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவோம்.