நேசகுமார் டெண்டில் தங்கிய சனிக்கிழமை

நேசகுமாருக்கு முதல் சந்தேகம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. திருப்பதியில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் மகள் அபிகாயில் அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"நைனா, வர்ற சனிக்கிழமை நாம நாலு பேரும் புத்தூர் பக்கம் மலையடிவாரத்துல டெண்ட் போட்டுத் தங்கப் போறோம். ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம். அண்ணனும் லீவு போட்டுட்டான்."

பிலிப்புக்கு லீவா? ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், கிறிஸ்துமஸுக்கே காலையில் வந்து ஆராதனை முடிந்து பிரியாணி சாப்பிட்ட கையோடு கிளம்பியவன். அவனுக்கு ஜனவரி மாதம் சனிக்கிழமை லீவு எந்த மகராசன் கொடுத்தான்?

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். யூனிஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, வெளியூரில் தங்குவதென்றால் தலையணை ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று நூறு சாக்குச் சொல்பவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "போலாமே. குளுரும். உங்க ஸ்வெட்டர நேத்தே தொவச்சி வெச்சிட்டேன்" என்றாள்.

நேற்றே. அதாவது திங்கட்கிழமை. போன் வந்தது செவ்வாய்க்கிழமை.

நேசகுமார் அதை மனதுக்குள் மட்டும் குறித்துக்கொண்டார்.

சந்தேகப்படுவதுதான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது. ஆர்.டி.சி.யில் கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராகி, மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றார். சித்தூரிலிருந்து புத்தூர், திருப்பதியிலிருந்து காளஹஸ்தி என்று அவர் கை காட்டி நிறுத்தாத பஸ் கிடையாது. ஏறியதும் டிக்கெட்டைக் கேட்கமாட்டார். முகங்களைப் பார்ப்பார். யார் தூங்குவதுபோல் கண்ணை மூடுகிறார்கள், யார் சட்டைப் பையை அளவுக்கு மேல் தடவுகிறார்கள் என்று பார்த்தபடி நடந்து, சரியான இருக்கைக்கு முன்னால் போய் நிற்பார். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அரை டிக்கெட் எடுத்திருந்த பாஸ்டரம்மாவைக்கூட அவர் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் இரக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அது தனக்காகத்தான் என்று நேசகுமார் இன்றைக்கும் நம்புகிறார்.

வீட்டிலும் அதே கண்தான். பிலிப் பள்ளிக்கூட நாளில் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால், "இண்டர்வெலுக்கு அப்புறம் இன்னா நடந்துச்சு, சொல்லு" என்பார். பாதியில் எழுந்து வேறெங்காவது போயிருந்தால் மாட்டிக்கொள்வான் என்று கணக்கு. அபிகாயிலுக்கு ஏதாவது புது நம்பரிலிருந்து போன் வந்தால், அவள் குளிக்கப் போனதும் அந்த நம்பருக்குத் திருப்பி அடிப்பார். தப்பு செய்யாதவனுக்குக் கேள்வியைக் கண்டு என்ன பயம் என்பது அவர் நியாயம்.

சனிக்கிழமை காலை பிலிப் ஒரு காரோடு வந்தான். சிநேகிதன் கார் என்றான். பெட்டி வைக்கப் பின்பக்கக் கதவைத் திறந்தபோது, உள்ளே ஒரு சுத்தியலும், கயிற்றுக் கட்டும், சாக்குப்பை நிறைய இரும்பு முளைகளும் கிடந்தன. பிலிப் அவசரமாக அதன்மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டான். அவன் பூட்ஸ் அடியில் செம்மண் அப்பியிருந்தது. கம்பெனிக்குள் செம்மண் எங்கே இருக்கிறது?

கார்வேட்டிநகரம் தாண்டியது. புத்தூரும் தாண்டியது. பிலிப் போனில் மேப் போடவில்லை. நாராயணவனத்துக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் போர்டும் இல்லை, ஒன்றுமில்லை, வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடப்பக்கம் மண்பாதையில் திருப்பினான்.

"இந்தப் பக்கம் வந்துகீறியாடா?" என்றார் நேசகுமார்.

"பிரெண்ட்ஸோட ஒரு வாட்டி" என்றான். கண்ணாடி வழியாக அபிகாயிலைப் பார்த்தான். அபிகாயில் உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மாந்தோப்பு ஒன்றின் ஓரத்தில், மலை தொடங்கும் இடத்தில் எட்டுப் பத்து டெண்ட் போட்டிருந்தார்கள். மரமெல்லாம் பூ விட்டிருந்தது. கார் நிற்பதற்குள் ஒரு நாய் ஓடி வந்து, மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு, பிலிப்பின் முழங்கால்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்து வாலை ஆட்டியது. "சீ, போ" என்று அதைப் புதிய நாயைத் துரத்துவதுபோல் துரத்தினான். நாய் நம்பவில்லை. நேசகுமாரும் நம்பவில்லை.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி என்பவர், தலையில் துண்டும் வாயில் வெற்றிலையுமாக வந்தார். அறுபது வயதிருக்கும். பெட்டியை வாங்கிக்கொண்டே பிலிப்பிடம், "நான் தூக்கறேன் சார். கட்டு பிரிச்ச கை. வலிக்கப் போவுது" என்றார்.

"எந்தக் கை?" என்றார் நேசகுமார்.

முனுசாமி பிலிப்பைப் பார்த்தார். பிலிப் கண்ணால் ஏதோ சொன்னான். "வேற ஒரு சாரு ஐயா. மாத்தி சொல்லிட்டேன்" என்று பெட்டியோடு நகர்ந்துவிட்டார். நேசகுமார் மகனின் மணிக்கட்டை இப்போதுதான் கவனித்தார். இடது மணிக்கட்டு வலதைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தது. மகன் கை ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறான். அதுவும் எலும்பு முறிவுக்கு நாடே தேடி வரும் புத்தூருக்குப் பக்கத்தில். அப்பனுக்குத் தெரியாது, தோப்புக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் முனுசாமியின் பின்னாலேயே போனார். "ஏம்பா, இங்க ரிஜிஸ்டர் கிடையாதா? திருப்பதில லாட்ஜுக்குப் போனா ஆதார் இல்லாம உள்ள வுடமாட்டான். நாங்க யாரு எவருன்னு நீ கேக்கவே இல்லியே?"

"உங்கள கேக்கணுமா ஐயா?" என்றார் முனுசாமி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு வெற்றிலை துப்பப் போய்விட்டார்.

மத்தியானம் அபிகாயில் சமையல் கொட்டகைக்குள் போய், யாரையும் கேட்காமல், மேல் தட்டில் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் கை விட்டு உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். யூனிஸ் குழாயடிக்கு நேராக நடந்துபோய் கை கழுவினாள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. நேசகுமாருக்குத்தான் சாப்பிட முடியவில்லை.

சாப்பிட்டுவிட்டு டெண்டுக்குள் படுத்துக்கொண்டு யோசித்தார். வேலை போய்விட்டதோ? போயிருந்தால் முகம் வாடியிருக்கும், இவன் நல்ல நிறமாகத்தான் இருக்கிறான். குடியோ? கண் தெளிவாக இருக்கிறது. துணியை விலக்கி வெளியே பார்த்தார். மரத்தடியில் முனுசாமி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணினார். ஆறு. இருப்பது நான்கு பேர். மீதி இரண்டு யாருக்கு?

சட்டென்று எல்லாம் பொருந்திவிட்டது. பொண்ணு! பிலிப்புக்கு முப்பத்தொரு வயது. பார்த்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தான். இந்தப் பக்கத்துப் பெண். அதனால்தான் வழி தெரிகிறது, நாய்க்குத் தெரிகிறது, தோப்புக்காரனுக்குத் தெரிகிறது. சபையைச் சேர்ந்த குடும்பமாக இருக்காது, இருந்தால் நேராக வீட்டுக்கே வந்திருப்பார்கள். தாயும் மகளும் சேர்ந்து அவரைக் காட்டுக்குக் கூட்டிவந்து, எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார வைத்து, பெண்ணின் அப்பன் அம்மாவை எதிரே கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள்.

கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் வருகிறவர்கள் முன்னால் கசங்கிய பனியனோடு உட்கார முடியாது. எழுந்து முகம் கழுவினார். ஞாயிறு ஆராதனைக்கென்று யூனிஸ் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலை வாரி, ஐந்தரை மணிக்கு வெளியே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"எங்க நைனா கெளம்பிட்டீங்க?" என்றாள் அபிகாயில்.

"எத்தினி மணிக்கு வராங்க?"

"யாரு?"

"பொண்ணு வூட்டுக்காரங்க."

அபிகாயில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். யூனிஸ் அவளை அதட்டினாள். பிலிப் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல நைனா. இந்த எடம் என்னுது. என்னுதுன்னா, நெலம் எங்கூடப் படிச்ச ஹரிபிரசாத்தோடது. டெண்டு, கொட்டகை, குழா எல்லாம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போட்டது. இந்த வாரம் வேற யாரையும் வரவேணாம்னு சொல்லிட்டோம், உங்களுக்காக. நான் வேலைய வுட்டுப் பதினோரு மாசம் ஆச்சு."

நேசகுமார் அவனையே பார்த்தார். பெண் வீட்டார் வந்திருந்தால் பேச வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு முதல் கேள்வியைத் தொடங்கினார்.

"தினம் சாயங்காலம் போன் பண்ணி ஷிப்ட் முடிஞ்சுதான்னு கேப்பனே?"

"முடிஞ்சுதுன்னு சொல்வேன்."

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்துதான்."

அவர் மெதுவாக யூனிஸ் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து" என்றாள். "ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டும் போனேன். காளஹஸ்தில பெண்கள் ஐக்கியக் கூட்டம்னு சொல்லிட்டு வந்தேனே, அப்ப."

"அந்த ஊரு கலம்காரிப் பை வாங்கியாந்து காட்டினியே?"

"அபி திருப்பதில வாங்கிக் குடுத்தா. நீங்க ஏதாவது அடையாளம் கேப்பீங்கன்னு தெரியும். பொய் சொல்றமேன்னு ஆண்டவர்கிட்ட அழுதுக்கினுதான் போனேன். இதுக்கு மேல என்னால முடியாது, ஜனவரிக்குள்ள நீ சொல்லலன்னா நானே சொல்லிடுவேன்னு இவன்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று அவர் மெச்சியது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் நீட்டிய பழைய டிக்கெட்டை ஒரு பார்வையில் கண்டுபிடித்தவர் அவர். வீட்டுக்குள் ஏமாந்திருக்கிறார்.

"ஏண்டா, நான் இன்னா புலியா? சொன்னா கடிச்சித் துன்னுடுவனா?"

பிலிப் தலை குனிந்தபடி சொன்னான். "காலேஜ் ரெண்டாவது வருஷம் இன்ஜினியரிங் வேணாம்னு சொன்னேனே, ஞாபகம் கீதா? காலைல ஏழு மணிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் கேள்வி கேட்டீங்க. யாரோட சகவாசம், எங்க போற, இன்னா பழக்கம்னு. கடைசில சிகரெட் புடிக்கிறேன்னு ஒத்துக்கினேன்."

"ஆமா. நான்தான் கண்டுபுடிச்சேன்."

"நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு சிகரெட்டு புடிச்சதில்ல நைனா. நீங்க கேக்கறத நிறுத்தினா போதும்னு ஒத்துக்கினேன்."

நேசகுமார் எழுந்தார். யாரிடமும் சொல்லாமல் மண்பாதையில் ரோட்டைப் பார்த்து நடந்தார். பஸ் வந்தால் ஏறிப் போய்விடுவது என்றுதான் போனார். பாதை ரோட்டில் சேரும் இடத்தில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை.

எப்போதோ பஸ்ஸில் பிடித்த நாகலாபுரத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. டிக்கெட் வாங்கினேன், காற்றில் பறந்துவிட்டது என்று அழுது சத்தியம் செய்தவள். அவர் விடாமல் கேட்கக் கேட்க, கடைசியில் எடுக்கவில்லைதான் என்று ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அவருக்கு மேலதிகாரியிடம் பாராட்டு கிடைத்தது. அவள் நிஜமாகவே வாங்கியிருப்பாளோ? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்கு இன்றைக்குத்தான் முதல்முறை வந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. பிலிப் வந்து நாலடி தள்ளி நின்றான். பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

"கை எப்ப ஒடஞ்சுது?" என்றார் நேசகுமார், ரோட்டைப் பார்த்தபடியே.

"செப்டம்பர்ல. தண்ணி டேங்க மேல ஏத்தும்போது வழுக்கிடுச்சு."

"கட்டு போடக் கூட யார் போனது?"

"முனுசாமி. அப்புறம் அம்மா வந்தாங்க."

அடுத்து எந்த வைத்தியர், எத்தனை கட்டு, யார் வண்டியில் போனீர்கள் என்று மூன்று கேள்விகள் வரிசையில் நின்றன. பிலிப்பும் அவற்றுக்குத்தான் காத்திருந்தான்.

"ரொம்ப வலிச்சுதா?"

இதற்கு பிலிப் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. பிறகு, "வலிச்சுது நைனா" என்றான். அவர் பாலக்கட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அதற்காக நேசகுமார் ஒரே சாயங்காலத்தில் வேறு மனிதராகிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. மறுநாள் காலை டீ குடிக்கும்போதே ஹரிபிரசாத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த மீதி இரண்டு நாற்காலிகள் எதற்கு என்று முனுசாமியைக் கேட்டார். "எனக்கும் எங்க வூட்டுக்காரிக்கும் ஐயா. சேந்து துன்னலாம்னு பிலிப் சாரு சொல்லிகீறாரு" என்றார் அவர். சித்தூர் திரும்பிய பிறகு நான்கு நாள் யூனிஸோடு பேசவில்லை. அவள் சாப்பாடு போட்டாள், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் யூனிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

"யூனிஸ், இன்னும் ஏதாவது கீதா?"

"இன்னாது?"

"என்கிட்ட சொல்லாதது."

யூனிஸ் அவர் மடித்த துண்டை வாங்கி, உதறி, சரியாக மடித்தாள். "கீது" என்றாள். "ரெண்டு."

"ரெண்டா? இன்னா ரெண்டு?"

"நேரம் வரும்போது நானே சொல்றேன். நீங்க கேக்காம இருந்தா சீக்கிரம் சொல்லுவேன்."

நேசகுமார் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ஒரே வரியைப் பத்துத் தடவை படித்தார். அபிகாயில் இந்த வாரம் இரண்டு முறை அம்மாவுக்கு மட்டும் போன் செய்தது ஞாபகம் வந்தது. யூனிஸ் போன மாதம் பீரோ சாவியை இடம் மாற்றி வைத்ததும் ஞாபகம் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவர் மனதில் ஆறு சந்தேகங்கள் எழுந்து, மூன்றாகக் குறைந்திருந்தன. மூன்றில் எது என்று யூனிஸின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவர் பேப்பரை இறக்கவில்லை.