ஐஸ் ஏரியில் ஒரு தலையாட்டி

தம்பியின் அகதி விசாரணை 1987 பெப்ரவரியில் நடந்தது. நாங்கள் சிம்கோ ஏரிக்கு முதன்முதலாகப் போனது அதே ஆண்டு ஜனவரியில். இடையில் இருந்த சில வாரங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஒழுங்கை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். எங்கள் மூவரில் மற்ற இருவரும் இன்றுவரை அதை மாற்றித்தான் சொல்கிறார்கள்.

தம்பி என்று நான் சொல்பவர் என் உடன்பிறந்தவர் அல்ல. 1986 இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்து, பார்க்டேல் என்ற நகரப் பகுதியில் நானும் மட்டக்களப்பு அண்ணையும் இருந்த அப்பார்ட்மென்டில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர். மனைவியும் நடக்கப் பழகும் மகளும் ஊரில் இருந்தார்கள். அகதியாக ஏற்றுக்கொண்டால்தான் அவர்களை இங்கே கூப்பிடலாம். விசாரணையைத் தவிர அவருக்கு அப்போது வேறு யோசனையே இல்லை. கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் ஒரு கதையைச் சொல்லிக்கொடுத்து, அதை மாற்றாதே, ஒருவரிடமும் வாய் திறக்காதே என்று அனுப்பியிருந்தார். தம்பி அதை அப்படியே கடைப்பிடித்தார். தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்டாலும் ‘ஏன் கேட்கிறீர்கள்’ என்பதுபோல ஒரு பார்வை வரும்.

அண்ணை எங்கள் இருவரைவிடவும் மூத்தவர், முந்தி வந்தவர். ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. என்ன கதைத்தாலும் தலையை ஆட்டி ஆட்டித்தான் கதைப்பார். யாராவது கதைத்தால் அதற்கும் ஆட்டுவார். இளையவர்களை மட்டக்களப்பு வழக்கில் ‘மனே’, அதாவது மகனே, என்பார். அவரோடு வேலை செய்த பின்லாந்துக்காரர் ஒருவர், வடக்கே ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் சிம்கோ ஏரி உறைந்து கிடக்கிறது, ஐஸ் மேல் குடிசை வாடகைக்குத் தருகிறார்கள், உள்ளே இருந்தபடி மீன் பிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த தம்பியை வெளியே இழுக்க அண்ணைக்கு அது போதுமான காரணமாகப்பட்டது.

அந்த ஏரி ஒரு நோயாளி என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். சுற்றியிருந்த ஊர்களின் கழிவும் வயல்களின் உரமும் சேர்ந்து பாசி பெருகி, ஆழத்துத் தண்ணீரில் மூச்சுக் காற்று குறைந்து, குளிர்நீர் மீன்கள் பெருகுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இப்போது கழிவைச் சுத்திகரித்து, தொட்டிகளில் வளர்த்த மீன்களை விட்டு, ஏரியை மெல்ல எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வாசித்தது அவ்வளவுதான். விடும் முன்பு அந்த மீனுக்கு என்ன செய்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையில் இல்லை.

கரையிலிருந்து சங்கிலிச் சக்கரம் பூட்டிய வண்டி ஒன்றில் எங்களை ஏற்றி ஏரியின் நடுவே கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஒரு ஊரே இருந்தது. தகரத்திலும் பலகையிலும் அடித்த சிறு குடிசைகள், புகைபோக்கிகள், நாய்கள், சாய்ந்து நிற்கும் கொடிகள். பின்லாந்துக்காரர், இத்தாலியர், கொரியர் என்று எல்லா நாட்டாரும் இருந்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பாத ஊர். ஒருவர் மீனைப் பிடித்ததும் அவசரமாகப் பனிக்குள் புதைத்து மேலே சப்பாத்தால் மிதித்து விட்டார். இன்னொருவர் நாங்கள் கடக்கும்போது ஐஸில் வெட்டிய தன் துவாரத்தை உடம்பால் மறைத்துக்கொண்டார். மீன் ஏதும் பட்டதா என்று அண்ணை கேட்ட எல்லோரும் ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள். அவர்கள் வாளிகளில் வால்கள் துடித்துக்கொண்டிருந்தன.

“ஒருத்தனும் உண்மை சொல்லமாட்டான் மனே,” என்றார் அண்ணை தம்பியிடம் மிகுந்த திருப்தியோடு. “நம்மட வாவியிலயும் இதுதான்.”

குடிசைக்குள் எதிரெதிராக உட்கார இரண்டு வாங்குகள், ஒரு சிறிய அடுப்பு, தரையில் இரண்டு துவாரங்கள். கீழே கறுத்த தண்ணீர். அடிக்கடி ஐஸ் எங்கோ தூரத்தில் உறுமி, அந்த உறுமல் எங்கள் காலடியால் ஓடிப்போகும். அப்போதெல்லாம் தம்பி கதவைப் பார்ப்பார். மதியத்துக்கு மேல் அவருடைய தூண்டிலில்தான் முதல் மீன் பட்டது. வெள்ளி நிறத்தில், சிறிய வாயோடு, நல்ல பருமனான மீன். வைட்ஃபிஷ் என்று இங்கே சொல்வார்கள். அவர் அதைச் சிரிப்போடு தூக்கி, புரட்டிப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார்.

“உதின்ர செட்டை ஒண்டு வெட்டிக்கிடக்கு.”

உண்மைதான். வயிற்றுப்பக்கச் செட்டைகளில், அதாவது துடுப்புகளில், ஒன்று அடியோடு இல்லை. கடிபட்ட அடையாளம் இல்லை. நேராக, கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல இருந்தது.

“ஆரோ அடையாளம் வச்சிருக்கிறான்,” என்றார் தம்பி. “உது ஆரின்ரயோ மீன். திருப்பி விடுவம்.”

“ஓம், கனடாவில மீனுக்கும் அடையாள அட்டை குடுக்கிறாங்கள்,” என்றார் அண்ணை. “விட்டால் கறி ஆர் தாறது? வை மனே.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, வெளியே பனியில் ஓடும் ஸ்னோமொபில் ஒன்று வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. திறந்தால், தலையிலிருந்து கழுத்துவரை கறுப்புக் கம்பளி முகமூடி, கண்களுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. எஞ்சினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் குரலும் சரியாகப் பிடிபடவில்லை. எத்தனை பேர், எப்போது வந்தீர்கள், என்ன பிடித்தீர்கள், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? அண்ணை வழக்கம்போலத் தலையை ஆட்டி ஆட்டி, வாக்கியத்துக்கு ஒரு ‘சேர்’ போட்டுப் பதில் சொன்னார். நான் பார்க்டேல் என்றேன். முகமூடி தம்பியின் பக்கம் திரும்பியது.

“ஹமில்டன்,” என்று வேறொரு நகரத்தைச் சொன்னார் தம்பி.

முகமூடி மீனைத் தூக்கி ஒரு பலகையில் வைத்து அளந்தது, வெட்டிய செட்டையைப் பார்த்தது. கத்தி நுனியால் சில செதில்களைச் சுரண்டி ஒரு சின்ன உறைக்குள் போட்டது. பிறகு எங்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, மூன்று தரம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

தம்பி அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவில்லை.

மறுநாள் அண்ணை வேலைக்குப் போன பிறகு தம்பி உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மொன்றியலில் யாரோ சொந்தக்காரர் இருக்கிறாராம், அங்கே போகிறாராம். விசாரணை? அதற்குப் போகவில்லையாம். போகாவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது, மனைவியையும் பிள்ளையையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். அவர் பையின் ஸிப்பை இழுத்து மூடினார்.

“முகத்தை மூடிக்கொண்டு வந்து, ஆள் ஆளாப் பாத்து, தலையாட்டிப்போட்டுப் போறான். உது மீன் பாக்கிறவனோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஊரைவிட்டு 1983 முடிவில் வந்துவிட்டேன். இராணுவத்தின் சுற்றிவளைப்பில் அகப்பட்டவர்களைப் பள்ளிக்கூட வளவுக்குள் வரிசையாக நடத்திக்கொண்டு போவதும், முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து பார்ப்பதும், அவன் தலை அசைந்தால் ஆளைப் பிரித்துக் கொண்டுபோவதும் எனக்கு வாசித்தும் கேட்டும் தெரிந்தவைதான். தலையாட்டி என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். தான் அந்த வரிசையில் நடந்ததைத் தம்பி அன்றுதான் என்னிடம் சொன்னார். அவருக்கு முன்னால் நடந்தது அவருடைய தமையன். தலை தமையனுக்கு அசைந்தது.

“இது கனடா,” என்றேன். பலவீனமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது.

“அண்ணைதான் முதல் தலையாட்டினவர், நீங்கள் பாக்கேல்லையோ? அவர் ஆட்ட, அவன் ஆட்டினவன். குடிசையை ஒழுங்கு பண்ணினது ஆர்? என்னை வா வா எண்டு கூப்பிட்டது ஆர்?” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும்தான். ஏன் எல்லாத்துக்கும் திகதி கேக்கிறியள்? எப்ப வந்தனீர், எப்ப கலியாணம், எப்ப பிள்ளை பிறந்தது எண்டு?”

என் பழக்கம் அது. எவரிடமும் அப்படித்தான் கேட்பேன். அதைச் சொன்னால் இன்னும் மோசமாக ஒலிக்கும் என்பதால் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் நானும் யோசித்தேன். அண்ணை ஏன் எங்கள் இருவருடைய குடிசை வாடகையையும் சேர்த்துத் தானே கொடுத்தார்? பின்லாந்துக்காரர் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா? நான் அவரைப் பார்த்ததில்லையே. சந்தேகம் ஒரு தரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் உப்புப் போத்தலைக்கூடத் திறந்து பார்க்க வைத்துவிடும்.

மாலையில் அண்ணை வந்ததும் நானே சொன்னேன். அவர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

“நான் தலையாட்டியா? மட்டக்களப்பான் எண்டதால சொல்றியா, இல்ல கறி வைக்கிறது பிழையா, அதைச் சொல்லு மனே. நான் ஆட்டிற ஆட்டுக்கு ஆளைப் பிடிக்கிறதெண்டால் அந்த ஹோட்டல்ல ஒருத்தனும் மிஞ்சமாட்டான்.” பிறகு கதவுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “வாற ஞாயிறு மூண்டு பேரும் போறம். அவன் வருவான். முகத்தைக் கழட்டச் சொல்லி நான் கேக்கிறன். மறுகா நீ மொன்றியலுக்குப் போ, சந்திரனுக்குப் போ.”

கடைசியில் தம்பி ஒரு நிபந்தனை வைத்தார். குடிசைக்குள் அண்ணை தலையாட்டக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அன்று சிரிக்கவில்லை. அண்ணை கழுத்தில் மஃப்ளரை இறுக்கிச் சுற்றி, சுளுக்குப் பிடித்தவர் மாதிரி வாங்கின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன். “வேணும்,” என்றார் சுவரைப் பார்த்தபடி. தம்பி எதிரே இருந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தூண்டில் இழுபட்டது, ஒருவரும் எழும்பவில்லை.

பின்னேரம் ஸ்னோமொபில் வந்தது. அதே முகமூடி. அண்ணை எழுந்து நின்று, கழுத்தை அசைக்காமல், ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் கேட்டார்: தயவுசெய்து முகத்தைக் கழற்றுங்கள், சேர்.

முகமூடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கம்பளியை இழுத்ததும் வியர்வையில் ஒட்டிய பழுப்புத் தலைமயிரும் சிவந்து ஒழுகும் மூக்கும் தெரிந்தன. இருபது வயதுப் பெண்பிள்ளை.

“ஐயோ, இவளையா நான் சேர், சேர் எண்டு கூப்பிட்டனான்?” என்று அண்ணை வாங்கில் விழுந்தார்.

அவள் பல்கலைக்கழக மாணவி. குளிர்காலத்தில் மாகாண அரசின் மீன்வள அலுவலகத்துக்காக, எங்கள் பேச்சில் மீன் கந்தோருக்காக, குடிசை குடிசையாகப் போய்க் கேட்பது அவள் வேலை. ஏரி தேறுகிறதா இல்லையா என்று பிடிபட்ட மீனைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். தொட்டியில் வளர்த்த மீனுக்கு, விடும் முன்பு ஒரு செட்டையை வெட்டிவிடுவார்களாம். வெட்டாத மீன் வந்தால் அது ஏரியிலேயே பிறந்தது, நல்ல செய்தி. செதிலின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்வார்களாம். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உதெல்லாம் ஆருக்குச் சொல்லுறாவாம் எண்டு கேளுங்கோ,” என்றார்.

கந்தோருக்கு, என்றாள் அவள். பெயர் தேவையில்லை, ஊர் மட்டும் போதும்.

தம்பி என் பக்கம் குனிந்தார். “போன முறை நான் ஹமில்டன் எண்டு சொன்னது பிழை. பார்க்டேல் எண்டு மாத்தச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். போன வாரக் குறிப்புகளைக் கந்தோரில் கொடுத்தாகிவிட்டது, பரவாயில்லை, ஒருவர் ஹமில்டனில் இருந்து வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவள் முகமூடியைப் போட்டுக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போய்விட்டாள்.

அண்ணை நிம்மதியாகக் கழுத்தை இரண்டு பக்கமும் ஆட்டினார். தம்பிக்கு நிம்மதி வரவில்லை. பழைய பயம் போன இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அவர் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவர். அந்தப் பொய் ஒரு கந்தோருக்குள் போய்விட்டது. ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு எவ்வளவு தூரம்?

“மீன் கந்தோருக்குப் பொய் சொன்னதுக்கு ஒருத்தனையும் நாடு கடத்தமாட்டாங்கள்,” என்றார் அண்ணை.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று தம்பி உடனே கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார்.

மொன்றியல் பேச்சு அதோடு நின்றது. ஓடினால் பொய் உறுதியாகிவிடும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டிருந்தார். விசாரணை நாளன்று அண்ணை லீவு எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் வெளியே நடைபாதையில் இருந்தோம். உள்ளே நடந்ததைப் பிறகு தம்பியும் அவருடைய சட்டத்தரணியும் தனித்தனியே சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

சத்தியம் எடுத்து முடிந்ததும், அதிகாரி முதல் கேள்வியைக் கேட்குமுன்பே தம்பி வாய் திறந்துவிட்டார். நான் ஹமில்டனில் இருப்பதாக மீன் கந்தோருக்குச் சொன்னது பொய், அவர்கள் உங்களுக்கு அறிவிக்கும் முன்பு நானே சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் எந்தக் கந்தோர் என்று இரண்டாம் தரம் கேட்டாராம். சட்டத்தரணி கண்களை மூடிக்கொண்டாராம். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஏஜென்சிக்காரரின் கதையில் பதில் இல்லை. ஆகவே தம்பி முகமூடியைப் பற்றிச் சொன்னார். முகமூடிக்கு ஏன் பயம் என்று கேட்டபோது பள்ளிக்கூட வளவைச் சொன்னார். வரிசையைச் சொன்னார். தனக்கு முன்னால் நடந்த தமையன் போட்டிருந்த சேட்டு என்ன நிறம் என்று சொன்னார். ஏஜென்சிக்காரரின் கதையில் தமையனே இல்லை. சட்டத்தரணிக்கும் அதுவரை அப்படி ஒருவர் இருந்தது தெரியாது.

வெளியே வந்தபோது தம்பியின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“கடிதம் வருமாம்.”

“இப்பயாவது என்னை நம்புறியா மனே?”

தம்பி லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு யோசித்தார். “அரைவாசி,” என்றார்.

கடிதம் அடுத்த ஆண்டுதான் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் பேப்பர்கள், பரிசோதனைகள், காத்திருப்பு. மனைவியும் மகளும் வந்திறங்கியது 1989 முடிவில். இதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விமான நிலையத்துக்குக் கார் ஓட்ட அண்ணையைத்தான் தம்பி கேட்டார். அண்ணை நெஞ்சு நிமிர்ந்து ஒப்புக்கொண்டார். பிறகு தம்பி என் பக்கம் திரும்பி, நீங்களும் வாங்கோ என்றார்.

“ஏன், நான் ஒருத்தன் காணாதா?” என்று அண்ணை கேட்டார்.

“இரண்டு பேர் வந்தால் நல்லது,” என்றார் தம்பி.