நடக்கப் பழகிய முழங்கால்

நிறஞ்சனாவின் கணவன் அனிஸ்ரனுக்கு வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. பத்தொன்பது வயதில், கடைசி யுத்தத்தில் போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டு முல்லைத்தீவு நாயாற்றில் இறால் பிடிக்கிறான். அவள் கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவாள்.

மோட்டார் பூட்டிய செயற்கை முழங்காலை நடக்கப் பழக்குவது அவளுடைய பொறுப்பு. முதலில் கணினிக்குள் ஒரு பொம்மை அந்த முழங்காலோடு நடக்கும். நடந்தால் புள்ளி கூடும், விழுந்தால் குறையும். புள்ளியைத் தேடித் தேடி அது தானாகவே பழக வேண்டும்.

மூன்று மாதமாகியும் பொம்மை முழங்காலை மடக்கவில்லை. விறைத்த காலை இழுத்தே நடந்தது. விழாமல் புள்ளி கிடைத்ததால் வேறு வழி தேடவில்லை.

பிறகு ஐம்பது பொம்மைகளை விட்டுப் பார்த்தாள். மோசமானவற்றைக் கழித்து, நல்லவற்றைக் கலந்து, சற்று மாற்றி அடுத்த தலைமுறையை உண்டாக்கினாள். விதவிதமான நடைகள் வந்தன. ஆனால் முன்னேற்றம் மிக மெதுவாக இருந்தது. கழிந்த பொம்மைகள் விழுந்து கண்ட அனுபவமும் அவற்றோடேயே போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அனிஸ்ரன், மடிக்கணினியில் அந்த முதல் பொம்மையைப் பார்த்துச் சிரித்தான்.

"உவன் என்னை மாதிரியெல்லோ இழுக்கிறான்!"

"நீங்கள் இப்பிடியே நடந்தனீங்கள்?"

"ஓம். முதல் ஆறு மாசம். விழுந்திடுவன் எண்டு பயம்."

"பிறகு எப்பிடி மாறினீங்கள்?"

"கால் பழகிற இடத்தில நாங்கள் பதினாலு பேர். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா விழுவினம். பார்த்துக்கொண்டே இருப்பன். ஆர் எப்பிடி விழுந்தது எண்டு இப்பவும் ஞாபகம் இருக்கு. அதுகளைப் பார்த்துத்தான் பழகினனான்."

பதினொரு வருடத் தாம்பத்தியத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் பழக்கும் முறையை மாற்றினாள். ஐம்பது பொம்மைகளும் வைத்த ஒவ்வொரு அடியையும், விழுந்த அடிகளையும் சேர்த்து, ஒரே இடத்தில் சேமித்தாள். முதல் பொம்மையைப் போலப் புள்ளி தேடிக் கற்கும் தனிப் பொம்மை ஒன்று அதிலிருந்து படித்தது. இடையிடையே அதன் பிரதியை ஐம்பதுக்குள் விட்டாள். நன்றாக நடந்தால் தங்கும், இல்லையென்றால் கழியும். ஐந்தாவது வாரம் ஒரு பொம்மை முழங்காலை மடக்கி, வீசி நடந்தது.

ஆவணியில் அனிஸ்ரன் ஆய்வுகூடத்துக்கு வந்து, உண்மையான மோட்டார் முழங்காலைப் போட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் பிடிகம்பிகள்.

"அவசரப்படாதேங்கோ."

ஒன்பது அடி வைத்தான். பத்தாவதில் முழங்கால் இறுகியது, கம்பியைப் பற்றிக்கொண்டான். அவள் பாய்ந்து வந்தாள்.

"ஒண்டுமில்லை. இன்னொருக்கா நடப்பம்."

இம்முறை கடைசிவரை போனான். தரையைப் பார்க்காமல், பக்கத்தில் நடந்த அவளைப் பார்த்தபடி போனான்.

முழங்காலில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது, பற்றரியும் பாரம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய காலை மாட்டிக்கொண்டான். முல்லைத்தீவுக்குப் போகும் பின்னேர பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து அவன் தூங்கிப்போனான்.